ஒரு நாள் விட்டு ஒரு நாள் மழை

டீச்சர்: ...அதெல்லாம் இருக்கட்டும்மா. நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி. இந்த ஏழு மில்லிமீட்டர் எங்கேர்ந்து வந்துச்சு?

மகள்: பாட்டில்லேர்ந்து டீச்சர்.

டீச்சர்: பாட்டிலுக்குள்ள எங்கேர்ந்து வந்துச்சு?

மகள்: தெரியாது டீச்சர். இருந்துச்சு. இருந்தத எழுதினேன்.

டீச்சர்: பாத்தீங்களா சார்? நேத்து கண்காட்சியிலேர்ந்து இதே பல்லவிதான். இருந்தத எழுதினேன், இருந்தத எழுதினேன்.

அப்பா: சொல்லிடுவா டீச்சர்... கொஞ்சம் பொறுத்து...

டீச்சர்: முதல்ல நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். இந்தப் பக்கம் வாங்க.

அப்பா: நான் நின்னுக்கறேன் டீச்சர். மாவுக் கடையிலேர்ந்து அப்படியே வந்துட்டேன்... சட்டையெல்லாம் மாவு. உங்க மேஜையில ஒட்டிக்கும்.

டீச்சர்: இது லேப். ஆசிட் கொட்டாத மேஜையே இங்க கிடையாது. உக்காருங்க.

அப்பா: சரிங்க.

டீச்சர்: நேத்து நடந்தது உங்களுக்குத் தெரியுமா?

அப்பா: அது... அரைகுறையாத்தான். நான் வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சு மேஜையை மடக்கிட்டிருந்தாங்க. கடையில லோடு வந்துடுச்சு, அதான் லேட்டு.

டீச்சர்: அப்ப முழுசா சொல்லிடறேன். ஏழாம் வகுப்புல முப்பத்தெட்டு பேரு. ஆளுக்கொரு ப்ராஜெக்ட். அதுல எரிமலை மட்டும் பதினொண்ணு.

மகள்: பன்னெண்டு டீச்சர்.

டீச்சர்: பன்னெண்டு. சோடா மாவும் வினிகரும் ஊத்திப் பன்னெண்டு இடத்துல நுரை பொங்குது. அதுக்கு நடுவுல உங்க பொண்ணு ஒருத்திதான் மழைமானி. பாட்டிலைக் குறுக்க அறுத்து, வாய்ப்பக்கத்தைத் தலைகீழா கவுத்து, பக்கத்துல ஸ்கேல் ஒட்டி, மொட்டை மாடியில வச்சு, மூணு வாரம், தினம் காலைல ஆறரைக்கு...

அப்பா: ஒரு நாள் தவறினதில்ல டீச்சர். காய்ச்சல்லகூட ஏறினா.

டீச்சர்: அதனாலதான் முன் வரிசைல வச்சேன். வானிலை நிலையத்துலேர்ந்து ஒரு பெரியவர் நடுவரா வந்தார். சார்ட்டைப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு மறுபடி பாத்தார். "பாப்பா, நாப்பது நாளா இங்க ஒரு பொட்டு மழை இல்ல. நீ மட்டும் எந்த வானத்துக்குக் கீழ குடியிருக்கே?"ன்னார்.

மகள்: எல்லாரும் சிரிச்சாங்க.

டீச்சர்: கீழ கொட்டை எழுத்துல முடிவு வேற. "எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மழை பெய்கிறது." அத அவர் சத்தமாப் படிச்சுட்டு, "மேகத்துக்கு டைம்டேபிள் போட்டுக் குடுத்தது யாரு?"ன்னார். அப்புறம் சார்ட்டை இன்னொரு தடவ பாத்துட்டு, "ஞாயித்துக்கிழமை லீவு வேற விட்டிருக்கியே"ன்னார்.

மகள்: அதுக்கும் சிரிச்சாங்க.

டீச்சர்: ஆமா.

மகள்: நீங்க என் சார்ட்டைத் திருப்பி வச்சீங்க. சுவர்ப் பக்கமா.

டீச்சர்: ...வச்சேன்.

மகள்: பொய்க் கணக்கு எழுதிட்டு வந்து என் மானத்தை வாங்கறியான்னு கேட்டீங்க. மைக் ஆன்ல இருந்துச்சு.

டீச்சர்: மைக் ஆன்ல இருந்தது எனக்குத் தெரியாதும்மா.

மகள்: எல்லாருக்கும் கேட்டுச்சு டீச்சர்.

அப்பா: விடும்மா... டீச்சர் ஏதோ கோவத்துல...

டீச்சர்: கோவந்தான். ஆனா விஷயம் அதோட நிக்கல சார். தலைமை ஆசிரியைக்கு நான் எழுதிக் குடுக்கணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள. எழுதியாச்சு, அவங்க மேஜையில வச்சாச்சு. "மாணவி பொய்யான தகவலை எழுதினார்"னு. அது அவ பதிவேட்டுல ஏறும். அறிவியல் மன்றத்துலேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. வேற பள்ளிக்கூடம் போனாலும் கூடவே போகும்.

அப்பா: அய்யோ... அவ்வளவு தூரமா டீச்சர்?

டீச்சர்: அதனாலதான் உங்களை வரச் சொன்னேன். அவ ஒத்துக்கிட்டா, தெரியாம பண்ணிட்டா, சின்னப் புள்ளன்னு மாத்தி எழுதலாம். ஆனா ஒத்துக்க மாட்டேங்கறா.

மகள்: பண்ணாதத எப்படி ஒத்துக்கறது?

டீச்சர்: பாருங்க.

மகள்: நான் ப்ராஜெக்ட்ல ஒரு பொய்கூட எழுதல டீச்சர்.

அப்பா: டீச்சர்... பனியா இருக்குமோ? காலைல மாடியெல்லாம் ஈரமா இருக்குமே...

டீச்சர்: பனி பேஞ்சு ஏழு மில்லிமீட்டரா? ஒண்ணுகூட தேறாது சார்.

அப்பா: அப்ப டாங்க் வழிஞ்சிருக்கும். எங்க கட்டடத்து டாங்க் ஒண்ணு இருக்கு டீச்சர், எப்ப வழியும்னு அதுக்கே தெரியாது...

மகள்: டாங்க் அந்தக் கோடியில இருக்குப்பா. பாட்டிலை நான் இந்தக் கோடியில வச்சேன். டாங்க் தண்ணி தெறிக்கக் கூடாதுன்னுதானே வச்சேன்.

அப்பா: துணி காயப் போட்டிருப்பாங்க... சொட்டியிருக்கும்...

மகள்: கொடிக்குக் கீழ வைக்கலப்பா.

அப்பா: காக்கா...

மகள்: காக்கா எப்படிப்பா ஏழு மில்லிமீட்டர் கொண்டு வரும்?

டீச்சர்: சார், நீங்க ஏன் இப்படி வியர்த்துப் போறீங்க? ஃபேனைப் போடவா?

அப்பா: வேணாம் டீச்சர். கடையிலேர்ந்து ஓடி வந்தேன்ல...

டீச்சர்: நோட்டை எடும்மா. இன்னொரு தடவ பாத்துடலாம். முதல் வாரம்... சைபர், சைபர், சைபர். ஏழு நாளும் சைபர். ரெண்டாவது வாரம் திங்கள் சைபர். செவ்வாய் ஏழு. புதன் சைபர். வியாழன் மூணு... இது என்ன, பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டிருக்கே? "தரை."

மகள்: தரை ஈரமா இருக்கா, காஞ்சிருக்கான்னு டீச்சர்.

டீச்சர்: "காய்ந்திருந்தது." "காய்ந்திருந்தது." ஏழு மில்லிமீட்டர் பேஞ்ச அன்னிக்கும் "காய்ந்திருந்தது"ன்னு எழுதியிருக்கே.

மகள்: காஞ்சிருந்துச்சு. அதான் எழுதினேன்.

டீச்சர்: பொய் எழுதறவ இத எதுக்கு எழுதணும்...

மகள்: அதத்தான் டீச்சர் நேத்து சொல்ல வந்தேன். நீங்க சார்ட்டைத் திருப்பிட்டீங்க.

டீச்சர்: உனக்கே சந்தேகம் வரலையா?

மகள்: வந்துச்சு. அப்பாகிட்ட கேட்டேன். விடியக்காலைல தூறுச்சு, நீ தூங்கிட்ட, வெயில் பட்டதும் தரை காஞ்சிடுச்சுன்னாரு. சத்தம் கேட்டுச்சான்னு கேட்டேன். தகரத்துல படபடன்னு கேட்டுச்சுன்னாரு.

டீச்சர்: தகரத்துல.

மகள்: ஆமா. அத எழுதல. அது நான் கேட்டதில்ல, அப்பா கேட்டது. நம்ம காது கேட்டதத்தான் எழுதணும்னு நீங்கதான் சொன்னீங்க.

டீச்சர்: ...செவ்வாய், வியாழன், சனி. மூணாவது வாரமும் அதே. செவ்வாய், வியாழன், சனி. ஏம்மா, அந்த மூணு நாள்ல உங்க வீட்ல என்ன விசேஷம்?

மகள்: ஒண்ணுமில்ல டீச்சர். எப்பவும் போலத்தான். திங்கள், புதன், வெள்ளி அப்பா லோடு இறக்க அஞ்சு மணிக்கே போயிடுவாரு. ஞாயிறு அம்மா விடிஞ்சதுமே துணி அலசிட்டு மாடிக்குப் போயிடும். மத்த மூணு நாள்...

டீச்சர்: மத்த மூணு நாள்?

மகள்: மத்த மூணு நாள்... அப்பா வீட்ல இருப்பாரு. அப்பா?

அப்பா: ...

மகள்: அப்பா, இங்க பாரு. தரையைப் பாக்காத.

அப்பா: கால் டம்ளர்தான்மா ஊத்தினேன். வியாழக்கிழமை இன்னும் கம்மி. ஒரு மடக்கு. தூறல்னு வச்சுக்கலாமேன்னு...

டீச்சர்: சார்.

அப்பா: தப்புதான் டீச்சர். என்ன சொன்னாலும் தப்புதான். நேத்துலேர்ந்து எனக்கு இவ மூஞ்சியைப் பாக்கவே கூசுது.

டீச்சர்: எதுக்கு சார் இப்படி ஒரு வேலை பண்ணினீங்க?

அப்பா: முதல் வாரம் முழுக்க தினம் மாடிக்கு ஓடுவா டீச்சர். மூணு மாடி. ரெண்டு ரெண்டு படியா. இறங்கி வரும்போது ஒவ்வொரு படியா வருவா. நான் வீட்ல இருக்கற நாள்ல அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சிடும், இன்னிக்கும் சைபர்னு. அந்த வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டு வந்து பையைத் தூக்கிப் போட்டுட்டு அழுதா. ஏன்னு கேட்டா...

மகள்: அத விடுப்பா.

டீச்சர்: ஏன் அழுத?

மகள்: நீங்கதான் டீச்சர் சொன்னீங்க. என்னம்மா நோட்டுல வரிசையா முட்டை போட்டு வச்சிருக்கே, வேற தலைப்பு பாக்கலாமான்னு.

டீச்சர்: நானா?

மகள்: எல்லாரும் ஒரு வாரம் என்னை முட்டை முட்டைன்னு கூப்பிட்டாங்க.

அப்பா: எனக்கு மனசு கேக்கல டீச்சர். நான் கடையில தராசுல நிக்கறவன். முள் நேரா நின்னப்புறமும் ஒரு பிடி அள்ளிப் போட்டுத்தான் பையைக் கட்டுவேன். இருபது வருஷமா அப்படித்தான் கை பழகிடுச்சு. முதலாளி திட்டுவாரு, ஆனாலும் கை நிக்காது. வாங்கிட்டுப் போறவங்க மூஞ்சி கொஞ்சம் மலருமே, அதுக்காக. அந்தச் செவ்வாய்க்கிழமை பல்லு வெளக்கிட்டே மாடிக்குப் போனேன். பாட்டில் காலியா நிக்குது. கைல டம்ளர் இருந்துச்சு...

மகள்: நான் கீழ ஓடி வந்து "ஏழுப்பா, ஏழு"ன்னேன்.

அப்பா: ஆமா.

மகள்: நீ என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்தின.

அப்பா: ...சுத்தினேன்.

மகள்: நீயே ஊத்திட்டு நீயே சுத்தினியா.

அப்பா: ஒரு நாளோட நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்டா கண்ணு. மறுநாள் சாயங்காலம் வந்தா, மறுபடி சைபர்னு நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டு...

மகள்: அப்ப தகரம்? தகரத்துல படபடன்னு கேட்டுச்சுன்னியே. நான் அதுக்காக ரெண்டு நாள் நாலு மணிக்கு அலாரம் வச்சு முழிச்சு உக்காந்திருந்தேன் தெரியுமா. நானும் கேக்கணும்னு. ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் காது சரியில்லையோன்னு நினைச்சேன்.

அப்பா: அம்மாடி...

மகள்: கையை எடுப்பா.

டீச்சர்: அவ சொல்லட்டும் சார். விடுங்க.

மகள்: கடையில நீ ஒரு கிலோ போட்டுட்டு அதுக்கு மேல ஒரு பிடி போடுவ. இங்க ஒரு கிலோவே இல்லப்பா. வெறும் பிடியை மட்டும் போட்டுட்டு ஒரு கிலோன்னு சொன்ன.

அப்பா: ஆமாம்மா. நீ சொல்றதுதான் சரி. அடிச்சாக்கூட வாங்கிக்கறேன்.

மகள்: உன்னை அடிச்சு என்ன பண்றது.

டீச்சர்: ...சார், உங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல. இந்த நோட்டைப் பாருங்க. இது யாரு கையெழுத்து?

அப்பா: உங்களுது மாதிரி...

டீச்சர்: என்னுதுதான். ரெண்டாவது வெள்ளிக்கிழமை. "நன்று"ன்னு வேற போட்டிருக்கேன். அந்த வாரம் முழுக்க வெயில் கொளுத்திட்டிருந்துச்சு. நான் குடையைப் பிடிச்சுட்டுதான் ஸ்கூலுக்கு நடந்து வந்தேன். வந்து உக்காந்து "ஏழு மில்லிமீட்டர் மழை"க்குக் கீழ "நன்று"ன்னு எழுதியிருக்கேன். முதல் வாரம் சைபரைப் பாத்தேன். அப்புறம் நோட்டைத் திறக்கறது, கையெழுத்துப் போடறது, அடுத்த நோட்டு. முப்பத்தெட்டு நோட்டு சார்... அது ஒரு சாக்குதான்.

மகள்: நீங்க படிக்கலையா டீச்சர்?

டீச்சர்: படிக்கலம்மா. படிச்சிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன். நேத்து அந்தப் பெரியவர் கேட்டப்ப எனக்கு வந்தது கோவம் இல்ல. இந்தக் கையெழுத்து ஞாபகம் வந்துச்சு. அவர் நோட்டைத் திறந்து பாத்துடுவாரோன்னு பயம் வந்துச்சு. அதான் உன் மேல பாஞ்சேன். இருபத்தொரு நாளும் சைபர் வந்திருந்தா அதுவும் ஆராய்ச்சிதான். அந்தப் பெரியவர் அதத்தான் முதல்ல தூக்கிப் பிடிச்சிருப்பார். அத நான் உனக்குச் சொல்லியிருக்கணும். முட்டைன்னு சொல்லிட்டேன்.

அப்பா: டீச்சர், நீங்க போய் எங்களுக்கு முன்னாடி...

டீச்சர்: இருக்கட்டும் சார். அந்தக் கடிதத்தை நான் திரும்ப வாங்கிடறேன். ஆனா நேத்து மைக்ல கேட்டது கேட்டதுதான். ஸ்கூல் முழுக்க இவளைப் பொய்க்காரின்னுதான் நினைச்சிட்டிருக்கு. அத நாமதான் அழிக்கணும்.

அப்பா: என்ன செய்யணும், சொல்லுங்க.

டீச்சர்: நாளைக்கு சனிக்கிழமைன்னாலும் ஸ்கூல் உண்டு. காலைல எல்லாரும் மைதானத்துல நிப்பாங்க. நான் மைக்ல மன்னிப்புக் கேட்டுடறேன். அதுக்கப்புறம் நீங்க வந்து ரெண்டே வார்த்தை சொல்லணும். தண்ணி ஊத்தினது நான், என் பொண்ணு இல்லன்னு.

அப்பா: எல்லார் முன்னாடியும்...

டீச்சர்: கஷ்டந்தான். நான் சொன்னா, பொண்ணைக் காப்பாத்த கதை கட்டறாங்கன்னு நினைப்பாங்க. நீங்களே சொன்னாத்தான் எடுபடும்.

அப்பா: வரேன் டீச்சர். முதலாளிகிட்ட ஒரு மணி நேரம் கேட்டுக்கறேன். நாக்கு ஒட்டிக்காம இருந்தா சரி.

டீச்சர்: நேத்தே நீங்க நேரத்துக்கு வந்திருந்தீங்கன்னா இந்த அளவுக்கு வந்திருக்காது. அந்த இடத்துலயே சொல்லியிருப்பீங்க.

அப்பா: ஆமா டீச்சர். லேட்டாயிடுச்சு.

மகள்: அப்பா வர வேணாம் டீச்சர்.

டீச்சர்: என்னம்மா?

மகள்: நாளைக்கு. அப்பா வர வேணாம்.

டீச்சர்: உன் பேருல விழுந்த கறையை அவர் வந்து துடைக்கணும் இல்ல?

மகள்: பரவால்ல. பொய்க்காரின்னே இருக்கட்டும்.

டீச்சர்: என்ன பேச்சு இது. நேத்துலேர்ந்து, பண்ணாதத ஒத்துக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னவ நீ... சரி, வாட்ச்மேன் சாவியைக் குலுக்கறார். நான் தலைமை ஆசிரியை ரூமுக்குப் போய்க் கடிதத்தை வாங்கிட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அந்தக் குழாயை இறுக்கி மூடிட்டு வாங்க சார், சொட்டும்.

அப்பா: சரிங்க டீச்சர்... நீ நோட்டை எடுத்துப் பையில வையிம்மா. என் மேல கோவமா?

மகள்: கோவந்தான்.

அப்பா: இருக்கட்டும். எவ்வளவு நாள் வேணாலும் வச்சுக்கோ. ஆனா நாளைக்கு நான் வந்தே ஆகணும்மா. நல்ல சட்டை போட்டுட்டு வரேன். மாவு இல்லாம, தலை சீவிக்கிட்டு...

மகள்: சட்டையப் பத்தி ஏன்பா பேசற?

அப்பா: சும்மா சொன்னேன். உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு...

மகள்: எனக்கு ஒண்ணும் கூச்சம் இல்ல.

அப்பா: சரி, இல்ல.

மகள்: ...நீ வந்தா ரோஸ் ரிப்பன் கண்டுபிடிச்சிடும்ப்பா.

அப்பா: அது யாரு ரோஸ் ரிப்பன்?

மகள்: என் வகுப்புதான். பன்னெண்டாவது எரிமலை. நேத்து எனக்குப் பக்கத்து மேஜை.

அப்பா: அது என்னத்தக் கண்டுபிடிக்கும்?

மகள்: நேத்து ஹால்ல கடைசித் தூணுக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னாரு. ஏப்ரனோட. புருவமெல்லாம் மாவு. அதப் பாத்துட்டு அது, யாருடி அந்த மாவு மூட்டைன்னு கேட்டுச்சு. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்து சிரிச்சாங்க.

அப்பா: ...யாரோ சமையல் காண்ட்ராக்ட் ஆளா இருக்கும். நான்தான் லேட்டா வந்தேனே.

மகள்: அப்பா.

அப்பா: லோடு வந்துடுச்சும்மா...

மகள்: நேத்து வியாழக்கிழமைப்பா. வியாழக்கிழமை லோடு வராது. நான் பாத்தேன். நீ எனக்குக் கையைக் காட்டின. நான் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

அப்பா: அது ஒண்ணும் இல்லம்மா. கூட்டத்துல...

மகள்: அந்தக் கண்ணாடித் தாத்தா சிரிச்சு முடிச்சுட்டு, அப்புறம் நல்லவிதமாத்தான் கேட்டாரு. வீட்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா பாப்பா, அப்பா வந்திருக்காரா, அவர்கிட்ட கேட்டா தெரியுமேன்னு. ரோஸ் ரிப்பன் என்னையே பாத்துட்டு இருந்துச்சு. உன்னைக் காட்டினா நீ நடந்து முன்னாடி வருவ, எல்லாரும் பாப்பாங்க...

அப்பா: போதும்மா.

மகள்: வரலன்னு சொல்லிட்டேன்ப்பா. அப்பாவுக்கு வேலை இருக்கு, வரலன்னு. ப்ராஜெக்ட்ல ஒரு பொய்கூட இல்லப்பா. இது ஒண்ணுதான் சொன்னேன். நீ அவ்வளவு தூரத்துல நின்ன, உனக்குக் கேட்டிருக்காது...

அப்பா: கேட்டுச்சும்மா. மைக் ஆன்ல இருந்துச்சே. அப்பா வரலன்னு நீ சொல்லிட்ட, அதுக்கப்புறம் நான் எங்கேர்ந்து வந்து பேசறது?